மைதானம் நம்முடையது, பேச்சும் நமக்கு வேண்டும்: சென்னைவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

2015 டிசம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தோம். மெத்தையும் பள்ளிப் புத்தகமும் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த நாட்களில்தான் சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீகின் அரையிறுதிக்கு வந்திருந்தது. வெள்ளத்தால் நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியவில்லை. சொந்த ஊர் ஆட்டத்தைப் புணேவில் போய் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா இரண்டாவது கோல் அடித்து முந்தியபோது பலர் டிவியை அணைத்துவிட்டார்கள். அணைக்காதவர்கள் பார்த்தது வேறு: 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் மேலேயே பட்டுப் பந்து உள்ளே போனது, ஸ்டாப்பேஜ் நேரத்தில் நம் மெண்டோசா இன்னொன்று அடித்தார். 3-2. ஈரம் காயாத சுவர்களுக்கு நடுவே கத்திக் கொண்டாடினோம். அந்த மாதம் இந்த ஊருக்கு வந்த நல்ல செய்திகள் மிகச் சில. அதில் இது ஒன்று.

அன்று கத்தியவர்களில் சிலர்தான் இதை எழுதுகிறோம். எங்களில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இருக்கிறார், தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் மேட்ச்சுக்கு வரும் கல்லூரி மாணவி இருக்கிறார், வியாசர்பாடியில் பையன்களுக்குக் காலையில் பயிற்சி கொடுத்துவிட்டு ஆட்டோ ஓட்டப் போகிறவர் இருக்கிறார். கட்சி கிடையாது, பின்னால் காசு போட்டவர் யாரும் கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டீம் தோற்கிறது என்பதற்காக இதை எழுதவில்லை. 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது முறை கோப்பை தூக்கினார்கள். அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, பட்டியலில் கடைசி. 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-வது. இதையெல்லாம் திட்டிக்கொண்டே பார்த்தோம். அடுத்த வாரமும் போனோம். பந்து என்றால் தோல்வியும் உண்டு. ஆனால் தோற்பது வேறு, ஒரு நாள் காலையில் டீமே இல்லாமல் போவது வேறு. எங்கள் பயம் இரண்டாவதைப் பற்றியது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் தனியார் நிறுவனத்தோடு போட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. முடியும் தேதி 15 வருஷமாக எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்து என்ன என்று யாரும் முடிவு செய்யாததால் அந்த ஒப்பந்தத்தை நம்பி நடந்த இந்தியன் சூப்பர் லீகையே 2025 ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போனது. வழக்கமாகச் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் களைகட்டும் லீக், 2026 பிப்ரவரி 14-இல்தான் தொடங்கியது. அதுவும் அணிகள் ஒருமுறை மட்டுமே மோதிக்கொள்ளும் சுருக்க வடிவத்தில். இத்தனை மாதமும் ரசிகனுக்கு இருந்த வேலை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான்.

இது ஒரு வருஷத்துக் கோளாறு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பழைய கணக்கைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. 2019-இல் டெல்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புணே சிட்டி மூடப்பட்டு, அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. ஹைதராபாத் 2022-இல் சாம்பியன். மூன்றே வருஷத்தில் சம்பள பாக்கி, கடன் என்று சரிந்து, 2025-இல் அந்த டீம் டெல்லிக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல டீம்கள் ஊர் மாறுகின்றன. வீட்டு வாடகைக்காவது முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம், நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. சென்னை சிட்டி எஃப்சி 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அதற்குச் சற்று முன்புதான் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. கொங்கு நாட்டில் ஒரு கால்பந்துத் தலைமுறையே உருவாகப்போகிறது என்று பேசினோம். 2021-க்குப் பிறகு தேசிய லீகில் அந்தப் பெயர் இல்லை. அன்று கேலரியில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகளுக்கு, அந்த டீம் எங்கே போனது என்று விளக்க யாரும் வரவில்லை.

"ஓனர்கள் தங்கள் காசைப் போடுகிறார்கள், வருஷா வருஷம் நஷ்டப்படுகிறார்கள். டிக்கெட் வாங்கியதற்காக உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்திய கால்பந்தில் காசு போட்டவர்கள் பெரும்பாலும் இழந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அவர்கள் போடவில்லை என்றால் 2015-உம் இல்லை, 2018-உம் இல்லை. அதற்கு நன்றி சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் அவர்கள் கொண்டுவராதவையும் இருக்கின்றன. சட்டையில் இருக்கும் பெயர் இந்த ஊரின் பெயர். கேலரியில் இருக்கும் தொண்டை இந்த ஊரின் தொண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் நேரு ஸ்டேடியம் அரசின் சொத்து. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. பராமரிக்கும் காசு வரிப்பணம். அதாவது கால்பந்தே பார்க்காத நீங்களும் அந்த மைதானத்தில் பங்குதாரர். ஊரின் பெயரையும் ஊரின் மைதானத்தையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் ஊரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

இப்படிக் கேட்டு வாங்கிய ஊர்கள் இருக்கின்றன. 1889-இல் பிறந்த மோகன் பாகான் 2020-இல் ஒரு நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் 'ஏடிகே' ஒட்டப்பட்டது. கொல்கத்தா ரசிகர்கள் மூன்று வருஷம் விடவில்லை. 2023 மார்ச்சில் லீக் கோப்பையை வென்ற இரவிலேயே, அந்த மூன்று எழுத்தை எடுத்துவிடுவதாக ஓனர் அறிவித்தார். வேல்ஸில் கார்டிஃப் சிட்டியின் நூற்றாண்டு நீலத்தை 2012-இல் மலேசிய முதலாளி சிவப்பாக்கினார். 2015-இல் நீலம் திரும்பி வந்தது. லண்டனின் விம்பிள்டன் கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்திப் புது டீமே கட்டினார்கள்; ஒன்பதாம் படியிலிருந்து ஏறி 2011-இல் ஃபுட்பால் லீகுக்குள் வந்தார்கள்; 2020-இல் பழைய தெருவிலேயே சொந்த மைதானம் கண்டார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டன் 2025-இல் கால்பந்து நிர்வாகத்துக்கென்றே சட்டம் இயற்றித் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது.

நாங்கள் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. கிளப்பில் பங்கு வேண்டாம், கோச் யார் என்று முடிவு செய்யும் அதிகாரம் வேண்டாம். நேரு ஸ்டேடியத்தைத் தொழில்முறைக் கால்பந்துக்குக் கொடுக்கும்போது அரசு போடும் ஒப்பந்தத்தில் நான்கு நிபந்தனைகள் சேரவேண்டும் என்பதுதான் கோரிக்கை. எந்த கிளப் வந்தாலும், எந்த ஓனர் வந்தாலும் இவை பொருந்த வேண்டும்.

1. வருஷத்துக்கு இரண்டு முறை, சீசன் தொடங்கும் முன் ஒன்றும் முடிந்த பின் ஒன்றும், ரசிகர்களோடு திறந்த கூட்டம். கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் தமிழிலும் வெளியாக வேண்டும்.

2. பெயர், நிறம், சின்னம், ஊர் ஆகியவற்றில் எதை மாற்றுவதாக இருந்தாலும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்பு.

3. கிளப்பை விற்கவோ மூடவோ இடம் மாற்றவோ நினைத்தால் ஆறு மாத முன்னறிவிப்பு. அதற்குள் வேறு ஆளைத் தேட ஊருக்கு அவகாசம் வேண்டும். வீரர்கள் மட்டுமல்ல, புல் வெட்டுபவர், துணி துவைப்பவர், பேருந்து ஓட்டுநர் வரை சம்பள பாக்கி தீர்ந்த பிறகே கதவு சாத்தப்பட வேண்டும்.

4. ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டுப் பையன்கள், பெண்கள் எத்தனை பேரை கிளப் பயிற்சியில் சேர்த்தது, அவர்களில் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்ற கணக்கு.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2018 கோப்பை அணியில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி பெங்களூரு சட்டையில் பெயர் வாங்கினார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் ட்யூரண்ட் கோப்பையில் அடித்த ஒரு கோல், மோகன் பாகானை வெல்ல வருஷக்கணக்கில் காத்திருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை அழவைத்தது. சிவசக்தியும் நந்தகுமாரும் வெளியே போய் ஜெயித்ததில் எங்களுக்குப் பெருமைதான். பெண்களில் மதுரை சேது எஃப்சி 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது; தமிழ்நாடு பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் மாலை ஆனால் மணலில் பந்து உருளாத நாள் கிடையாது. சரக்கு இங்கே இருக்கிறது. அதை எடுத்து வளர்க்கும் கை எவ்வளவு நீள்கிறது என்பதை ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பது.

உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் இந்த நான்கு நிபந்தனைகளை எழுதி ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு ஒரு மனு: நேரு ஸ்டேடியம் எந்த நிபந்தனையில், என்ன வாடகைக்கு, எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கப்படுகிறது? ஒருவர் கேட்டால் ஒரு கோப்பு நகரும். ஆயிரம் பேர் கேட்டால் அந்தக் கோப்பை யாராவது படிப்பார்கள்.

மேட்ச்சுக்கு வாருங்கள். டீம் ஜெயிக்கும்போது மட்டும் வந்தால் போதாது. சென்ட்ரலில் இறங்கினால் நடந்து வரும் தூரம்தான். காலி இருக்கையைக் காட்டித்தான் "இந்த ஊரில் ஆர்வம் இல்லை" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு நாம் இடம் தரக் கூடாது.

எங்கள் பக்கமும் ஒரு வாக்கு. வீரர்களை வையமாட்டோம், அவர்கள் குடும்பத்தை இழுக்கமாட்டோம். மைதானத்துக்குள் பாட்டில் வீசமாட்டோம். எங்கள் சண்டை வீரர்களோடு இல்லை. இரண்டாம் பாதி தொடங்கும்போது பதினைந்து நிமிடம் கேலரியில் அமைதியாக உட்காருவோம், கையில் நான்கு கோரிக்கைகள் எழுதிய அட்டையோடு. அவ்வளவுதான் போராட்டம். அந்தப் பதினைந்து நிமிடம் எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது டிரம் அடிக்கிற பையன்களைக் கேட்டால் தெரியும்.

பெரியவர்களே, தாய்மார்களே, 2015-இல் நம் டீம் தன் சொந்த ஊர் ஆட்டத்தை வேறு ஊரில் ஆட நேர்ந்தது. அதற்குக் காரணம் மழை. மழையோடு யாரும் வாதாட முடியாது. இனியொரு முறை அப்படி நேர்ந்தால் காரணம் ஒரு காகிதமாக இருக்கும். அந்தக் காகிதம் எழுதப்படும்போது பக்கத்தில் நாம் இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
சென்னைக் கால்பந்து ரசிகர்கள்