சைட்டைப் பார்க்காதீர்கள், விற்பவரைப் பாருங்கள்

"சார், பழைய ரெக்கார்டு வாங்க எந்த சைட் நல்லது?" என் வயது நண்பர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிள்ளைகள் ஆசையாக ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் போடத்தான் தட்டு இல்லை. வீட்டில் இருந்ததெல்லாம் கேசட் வந்த காலத்திலேயே பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

என் பதில் ஒன்றுதான். சைட் எதுவானாலும் இருக்கட்டும், விற்கிறவர் எப்படிப்பட்டவர் என்று பாருங்கள்.

1985இல் தீக்கிரையாகும் வரை எனக்கு மூர் மார்க்கெட்தான் ரெக்கார்டு கடை. தட்டை உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். கீறல் தெரிந்தால் பேரம் பேசுவோம். நெளிந்திருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுவோம். இணையத்தில் அப்படிக் கையில் வாங்கிப் பார்க்க முடியாது. அந்தக் குறையைக் கேள்வி கேட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

டிஸ்காக்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. 2000இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகளின் பட்டியலாகத் தொடங்கியது, பிறகு சந்தையாகவும் ஆனது. தட்டின் லேபிளில் இருக்கும் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அது எந்த வருடத்து வெளியீடு, எந்த நாட்டு அச்சு, முன்பு என்ன விலைக்குப் போனது என்று பல தட்டுகளுக்குத் தெரிந்துவிடும். விலை நியாயமா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் தமிழ்த் தட்டை அங்கே வெளிநாட்டுக்காரரிடம் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். தபால் செலவே பல நேரம் தட்டின் விலையைத் தாண்டும், சுங்க வரி வேறு. நம் எச்.எம்.வி. தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. இங்கே பிறந்த பொருளை டாலர் கொடுத்துத் திரும்ப அழைத்து வருவானேன்? இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நம் ஊர் வியாபாரிகளே விற்கிறார்கள். போனில் பேசலாம், நேரிலும் போகலாம்.

அடுத்தது தரம். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்குவரிசையில் போடுவார்கள். இந்தத் தொழிலில் 'குட்' என்றால் நல்லது என்று பொருள் இல்லை. பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து ஓடும் என்று பொருள். கேட்பதற்கு வாங்குகிறவர் வெரி குட் பிளஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது உத்தமம்.

நம் ஊர்த் தட்டுகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. லேபிளில் சவுண்டு சர்வீஸ் முத்திரை இருந்தால் கவனம் தேவை. அந்தத் தட்டு எத்தனை கல்யாணம், எத்தனை கோயில் திருவிழா பார்த்ததோ! மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே வரிகள் தேய்ந்திருக்கும். போட்டோவில் அது தெரியாது, ஓட விட்டால்தான் தெரியும்.

ஆகவே விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். தட்டை ஓட விட்டுப் பார்த்தீர்களா, கண்ணால் மட்டும் பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் சிறிது நேரம் ஓட விட்டு வீடியோ அனுப்புவீர்களா? எப்படிப் பார்சல் கட்டுவீர்கள்? உடைந்து வந்தால் பணம் திரும்புமா? சலிக்காமல் பதில் சொல்பவர் நூறு ரூபாய் கூடச் சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள். "அபூர்வம் சார், இன்றைக்கே போய்விடும்" என்று அவசரப்படுத்துபவரை விட்டுவிடுங்கள்.

பார்சல் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய 78 தட்டு அரக்கில் செய்தது, கண்ணாடி மாதிரி உடையும். எனக்கு ஒருவர் வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பிய 78 மூன்று துண்டாக வந்து சேர்ந்தது. பணமும் வரவில்லை. இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எல்.பி. வரவழைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தட்டு நெளிந்துவிடும்.

78 வாங்குமுன் உங்கள் பிளேயரில் அந்த வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் மட்டும் இருந்தால் போதாது. 78இன் வரி அகலமானது, அதற்குத் தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் சத்தமும் சரியாக வராது, ஊசியும் கெடும்.

இவ்வளவு எதற்கு, யூடியூபில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பாட்டு முடியுமுன் கை அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. தட்டைப் போட்டால் அந்தப் பக்கம் முடியும் வரை உட்கார்ந்து கேட்கிறோம். நம் வயதில் அது நல்ல பழக்கம்.

மாதாமாதம் பென்ஷனில் ஒரு தட்டு போதும். பத்துத் தட்டு மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் ஒன்பது அலமாரியில்தான் தூங்கும். பரணில் இன்னும் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடைக்குப் போடாதீர்கள். கேட்கிற ஒருவரைத் தேடி, கீறல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லி, நியாயமான விலைக்குக் கொடுங்கள்.