இந்தக் கயாக்கைச் செய்தது யார்?

இங்கிலாந்தில் அடிக்கடி நடக்கிற கதை இது. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் வீட்டைக் காலி செய்வார்கள். கார் ஷெட்டின் கூரையிலிருந்து ஒரு பழைய படகு இறங்கும். உள்ளே மரச்சட்டம், வெளியே கேன்வாஸ், அதன்மேல் நாலைந்து தடவை அடித்த பெயிண்ட், நடுவில் ஆள் உட்கார ஒரு திறப்பு. கயாக் என்பது பார்த்தாலே தெரிகிறது. அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "எந்தக் கம்பெனி?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் கம்பெனிப் பெயர் கிடைத்தால் பொக்கிஷம், கிடைக்காவிட்டால் விறகு என்று தீர்மானித்துவிட்டே பலர் தேட ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது.

முதலில், இந்தப் பெயர்கள் ஏமாற்றும். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாய்ரிக் என்பவர் 1905ல் மடக்கிப் பைக்குள் போட்டு ரயிலில் கொண்டுபோகிற மாதிரி ஒரு கயாக் செய்தார். ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோஹான் கிளெப்பர் 1907ல் அதன் உரிமையை வாங்கி வியாபாரமாக்கினார். படகுக்கும் தையல்காரருக்கும் என்ன சம்பந்தம் என்றால், பாதிப் படகு துணிதானே! அந்தப் பெயர் அவ்வளவு பிரபலமானதில், பழைய துணிப்படகு எதைக் கண்டாலும் "கிளெப்பர்" என்று விற்கப் பார்க்கிறார்கள். எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்த மாதிரி. "ஃபோல்பாட்" கதையும் அதேதான். 1933ல் லண்டனில் ஆரம்பித்து 1935ல் அமெரிக்காவுக்குப் போய்விட்ட கம்பெனி அது. ஆனால் 1940ல் பிரிட்டிஷ் கமாண்டோ ரோஜர் கோர்ட்னி அமைத்த கயாக் படைக்கே ஃபோல்பாட் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே "தாத்தா இதை ஃபோல்பாட் என்றுதான் சொல்வார்" என்பதெல்லாம் சாட்சியத்தில் சேராது.

படகின் மேல் எழுதியிருக்கும் பெயரும் அப்படித்தான். ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932ல் உல்ம் நகரில் கிளம்பி, இந்தியக் கரை, இலங்கை என்று துடுப்புப் போட்டுக்கொண்டே போய் 1939ல் ஆஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவைத் தொட்டார் (அதற்குள் போர் வந்துவிட்டதால், வரவேற்றுக் கைகுலுக்கிவிட்டுக் கைது செய்தார்கள், பாவம்). அவர் படகின் பெயர் "சன்ஷீன்". அது அவருடைய செல்லப் பெயர். செய்தது பியோனியர் என்ற கம்பெனி.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? வெளியே இருபது போட்டோ எடுத்துப் பிரயோஜனமில்லை. விஷயமெல்லாம் உள்ளே இருக்கிறது. நீளவாட்டுச் சட்டங்கள் நடுவில் கழன்று, உலோகக் கொக்கியால் சேர்கின்றனவா? அப்படியானால் அது மடக்குப் படகு. கம்பெனியைத் தேடலாம். கழலாமல், பிளைவுட்டில் அறுத்த குறுக்குச் சட்டங்களில் வெட்டுப் போட்டு, அதற்குள் நீளக் குச்சிகளை இறக்கி, கேன்வாஸை விளிம்பில் சின்ன ஆணிகளால் அடித்திருந்தால், அநேகமாக அது வீட்டிலேயே செய்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் பெர்சி பிளாண்ட்ஃபோர்ட் என்பவர் கயாக் வரைபடங்களை விற்றார். பெர்சி பிளாண்ட்ஃபோர்ட் கயாக், சுருக்கமாக பி.பி.கே. சாரணர்கள், அப்பாவும் பிள்ளையும் என்று யார் யாரோ அதைப் பார்த்துச் செய்தார்கள். எத்தனை குறுக்குச் சட்டம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், ஒவ்வொன்றின் அகலம் என்ன என்று டேப் வைத்து அளந்து வரைபடத்தோடு ஒப்பிட்டால் வடிவமைத்தவர் யார் என்று தெரிந்துவிடும். செய்தவர் பெயர்? அதற்குத் தகடு கிடையாது.

வயதைச் சொல்லவும் துப்பு உண்டு. நட்சத்திர வெட்டுள்ள பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது இருந்தால் படகு அதற்கு முந்தியதல்ல என்று சொல்லத் தோன்றும். அவசரம் வேண்டாம், 1970ல் ரிப்பேர் செய்த யாரோ மாட்டியிருக்கலாம் :-)

அமெரிக்காவின் ஓல்ட் டவுன் கம்பெனி கேன்வாஸ் படகுகளில் வரிசை எண் குத்தியிருக்கும். அதை வைத்துப் பழைய பதிவேட்டில் தேடினால் படகின் ஜாதகமே கிடைக்கும். அந்த மாதிரிப் படகு ஒன்று அழிந்தாலும் பதிவேடு இருக்கும், கேட்டலாக் இருக்கும், அதே மாதிரி வேறு படகுகளும் இருக்கும். வீட்டில் செய்தது அப்படியா? வரைபடத்தில் சொன்ன மரம் கிடைக்காமல் வேறு மரம் போட்டது, கால் நீட்ட இடம் போதாமல் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியது எல்லாம் அந்த ஒரே படகில்தான் பதிந்திருக்கிறது. அதை விறகு என்று ஒதுக்குவதும், கம்பெனிப் படகைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும் தலைகீழ் நியாயம்.

ஆர்வக்கோளாறில் ரிப்பேர் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். வந்த அன்றே கேன்வாஸைக் கிழித்து, மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்துவிட்டு "யார் செய்தது என்று தெரியவில்லையே" என்பார்கள். சட்டங்களில் பென்சிலால் போட்டிருந்த எண்களும் பழைய பெயிண்டின் அடுக்குகளும் அந்த உப்புத்தாளோடு போயிருக்கும்.

மட்கிய கேன்வாஸை மாற்றத்தான் வேண்டும், அது தண்ணீர் தாங்காது. ஆனால் முதல் ஆணியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு டார்ச், ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு சாயங்காலம். கிழித்த துணியிலும் ஒரு சாண் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.