கலைச் சோலை: மாதங்கி பாடிய அகதிப் பாட்டு

இசை செவிக்கு இன்பம் பயப்பது என்பர். ஆயினும், துன்புற்றோர் தம் குறையை உலகறியச் செய்வதற்கும் இசையே துணை. நம் பெண்டிர்க்கு ஒப்பாரி அவ்வாறு துணை நின்றதன்றோ? மேனாட்டில் 1970-களில் எழுந்த 'பங்க்' இசையும் அத்தகையதே. நெடும்பயிற்சி இல்லையெனினும் நெஞ்சில் உள்ளதை உரக்கச் சொல்லுவோம் என்பது அதன் கொள்கை. அக்கொள்கையைத் தமக்கேற்பக் கையாண்ட தமிழ் நங்கை ஒருவரை இத்திங்கள் அறிவோம்.

மாதங்கி அருட்பிரகாசம் 1975-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். ஆறு திங்கட் குழவியாக யாழ்ப்பாணம் சென்றார். தந்தையார் அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். இல்லத்தில் தங்கிய நாட்கள் சிலவே. போர் மூண்டபின், 1986-இல் அன்னையார் கலா மக்கள் மூவருடன் இலண்டன் சேர்ந்து, தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தார்.

மாதங்கி கல்லூரியில் பயின்றது திரைப்படக்கலை, இசையன்று. சிறியதொரு தாளப்பொறியைக் கொண்டே பாட்டமைக்கக் கற்றார். தமக்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர் 'எம்.ஐ.ஏ.', போரில் காணாமற்போனோரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

2005-இல் வெளிவந்த முதல் இசைத்தொகுதிக்குத் தந்தையின் பெயரையும், 2007-இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் இட்டார். இடையே அமெரிக்க நாடு நுழைவிசைவு தர மறுத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை; பல நாடுகளில் ஒலிப்பதிவு செய்தார். நம் உறுமியின் முழக்கம் அவ்வாறே உலக மேடை ஏறிற்று.

அத்தொகுதியிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டு, 'கிளாஷ்' என்ற பங்க் குழுவினர் 1982-இல் குடியேறியோரின் அவலத்தைப் பாடிய பாட்டொன்றின் இசையை அடியாகக் கொண்டது. அதில் துப்பாக்கி ஓசை கேட்கிறதே எனப் பெரியோர் முகஞ்சுளிக்கலாம். குடியேறி வந்தோர் பொருள் பறிக்க வந்தவரே என்னும் பழியை அப்பாட்டு எள்ளி நகையாடுகிறது. 2008-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது நான்காம் இடம் பெற்றது. மறு ஆண்டு வன்னியில் போர் உச்சமுற்றபோது, பெற்ற புகழைத் துணைக்கொண்டு தமிழ் மக்களின் துயரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடுத்துரைத்தார். கண்டனங்கள் எழுந்தன, அவர் அடங்கவில்லை.

அந்தமான் வாழ் அன்பர்களே! 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருள் சில குடும்பத்தார் நிக்கோபாரின் கச்சால் தீவு இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டதை நாம் அறிவோம். பிழைப்பு நாடிக் கப்பலேறி வந்தோர் நம்மில் இன்னும் பலர். நம் பிள்ளைகள் பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தி பேசுகின்றனர். பாடினும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பாடுவர். அதனால் அவர்கள் நம்மைவிட்டு அகன்றனர் என்று வருந்தவேண்டா. மாதங்கி பாடியதும் ஆங்கிலத்திலேதான். பெற்றோர் பட்ட பாட்டை அவர் அறிந்திருந்தார். ஆகவே அது பாட்டாயிற்று.

நாம் வந்த கதையை நம் இல்லங்களில் சொல்லி வருகிறோமா? இன்றிரவு உணவு முடிந்ததும் தொடங்கலாமே.