கைவிட்ட ஏரியும் ஆகாயத்தாமரையும்

எங்கள் வைத்திக்குப்பத்தில் ஏரி இல்லை. கிழக்கே கடல், மேற்கே முத்தியால்பேட்டையின் நெரிசல். மாசிமகத்தன்று மயிலத்து முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கடற்கரை என்ற அளவில் வெளியூராருக்கு எங்கள் ஊரைத் தெரியும். அப்படியிருக்க, ஏரிக்களையைப் பற்றி எழுத எனக்கென்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும்.

பெருமழை பெய்து ஓய்ந்தபின் எங்கள் கரையில் பச்சைக் குவியல்கள் ஒதுங்கும். ஆகாயத்தாமரைதான். உப்புநீரில் இலைகள் கருகி, கரிய வேர்கள் சடைசடையாகத் தொங்க, எந்த நீர்நிலையிலிருந்து வந்ததென்று தெரியாமல் கிடக்கும். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, "இது நம்ம கடல் சரக்கு இல்ல வாத்தியாரே. எங்கேயோ ஒரு ஏரி கெட்டுப்போயி நம்மகிட்ட வந்து நிக்குது" என்றார். அவர் சொன்னது என் மனத்தை விட்டுப் போகவில்லை. காரணம், சில ஆண்டுகளுக்கு முன் அதே செடியை அள்ளப் போய்த் தோற்றுத் திரும்பியவன் நான்.

அது நாட்டு நலப்பணித் திட்ட முகாம். புறநகர் ஏரி ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். அறுபது பிள்ளைகள் இடுப்பளவு நீரில் இறங்கிக் காலை முதல் பிற்பகல் வரை ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டார்கள். கரையோரம் ஒரு துண்டு நீர் வானத்தைக் காட்டியபோது அவர்கள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அழைத்த அமைப்பினர் பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். குவியலை அகற்ற வண்டி வரும் என்றார்கள், வரவில்லை. மழை வந்தது. கரையில் கிடந்ததில் பாதி மீண்டும் நீருக்குள் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மாணவி ஒருத்தி, "ஐயா, நாம சுத்தம் பண்ண இடம் எதுன்னே தெரியல" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

நிற்க. ஆண்டுதோறும் வகுப்பில் குறுந்தொகை நடத்துகிறேன். அதில் 399ஆம் பாட்டு பரணருடையது. தலைவி தன் உடலில் படரும் பசலைக்கு, ஊரார் நீருண்ணும் துறையில் படிந்த பாசியை உவமை சொல்கிறாள். கை படும்போதெல்லாம் விலகும், கையெடுத்ததும் வந்து மூடிக்கொள்ளும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதை அகத்திணைப் பாட்டாக மட்டுமே நடத்தி வந்திருக்கிறேன். அந்த முகாமுக்குப் பின்புதான், நீர்நிலையோடு நாள்தோறும் பழகிய ஒருவரின் கவனிப்பு அதில் இருக்கிறது என்பது உறைத்தது. அந்தத் துறையின் பாசியை எவரும் ஒழிக்கவில்லை. குடத்தோடு இறங்கிய கைகள் அதை விலக்கிக்கொண்டே இருந்தன.

நம் ஏரிகளிலிருந்து அந்தக் கைகள் விலகிவிட்டன. வீட்டுக்குள் குழாய் வந்தது, வயலுக்கு ஆழ்துளைக் கிணறு வந்தது. ஏரிக்கரைக்குப் போகவேண்டிய தேவை ஒழிந்தது. உவமையை இதற்குமேல் இழுப்பது முறையன்று. பரணரின் துறைக்கு நகரத்துச் சாக்கடை வந்து சேரவில்லை. நாம் கையை எடுத்ததோடு நிற்காமல், கழிவுநீரை விட்டுக் களைக்குச் சோறும் போட்டு வளர்க்கிறோம். கழிவிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதன் உணவு. பத்துச் செடிகள் இரு வாரத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் 32 வாரத்தில் ஆறரை லட்சம் ஆகும் என்பது எளிய கணக்கு. போதாததற்கு, சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். வருடத்துக்கு ஒருநாள் அள்ளுவதால் என்ன பயன்?

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழாசிரியனின் தொழில்புத்தி என்று பொறுத்துக்கொள்க. சித்த மருத்துவ நூல்களில் வரும் ஆகாயத்தாமரை வேறு. அது மென்மயிர் படர்ந்த இலைகளை ரோஜாப்பூப்போல் அடுக்கி மிதக்கும் சிறு செடி. தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தின் வழியே இந்தியாவுக்குள் நுழைந்த ஊதாப்பூச் செடிக்கு, காம்பு வெங்காயம்போல் உப்பியிருப்பதால் வெங்காயத்தாமரை என்ற பொருத்தமான பெயர் உண்டு. நாமோ மூலிகையின் பெயரைத் தூக்கி அதற்குக் கொடுத்துவிட்டோம். ஊசுட்டேரியின் ஓரங்களை ஆக்கிரமித்த மற்றொரு களைக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு என்று பெயர். அதுவும் தென்னமெரிக்கச் செடிதான். வெட்டிய தண்டு விழுந்த இடத்தில் வேர்விடும் அதற்கு, பக்கத்து ஊர்க்காரன்போல ஒரு பெயர்! இதில் சீமைக்கருவேலம் ஒன்றுதான் நேர்மையான பெயர்.

பெயர்க் குழப்பம் புலவர் விவகாரம் மட்டுமன்று. பொக்லைன் இயந்திரத்துக்குப் பச்சையெல்லாம் களை. அல்லியும் ஆம்பலும் கொட்டியும் அதன் வாளிக்குள் ஒன்றாகப் போகின்றன. மிதக்கும் இலைமேல் கூடு வைக்கும் இலைக்கோழிக்கு அல்லிக்குளம் வேண்டும். குளம் வற்றினாலும் அதை விட்டுப் போகாத உறவுக்கு ஔவையின் மூதுரை உவமையாக்கிய செடிகளை, "தூய்மைப்பணி" என்று பெயரிட்டு நாமே பிடுங்கி எறிகிறோம். களைக்கொல்லி தெளிக்கும் யோசனை இதைவிட மோசம். செத்த செடி அங்கேயே அழுகி நீரின் உயிர்வளியைக் குடித்துவிடும், மீன் மிதக்கும்.

சட்டம் போட்டால் ஒழியுமா என்றும் பார்த்தாகிவிட்டது. இலங்கையில் 1909இல் இச்செடிக்கெனத் தனிச்சட்டம் வந்தது, வங்காளத்தில் 1936இல். செடி இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஓரளவு பலன் கண்ட முயற்சி ஒரு வண்டினுடையது. நியோக்கெட்டினா என்ற கூன்வண்டு இச்செடியையே தின்று வாழ்வது. 1980களில் பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள்; களை நன்றாகவே தணிந்தது. 1990களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் தணிந்தது, பிறகு மீண்டும் தலைதூக்கியது. வண்டு செடியை அடியோடு அழிப்பதில்லை. இரவு பகலாகத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். சாக்கடை கொழுத்த நீரில் செடியின் வளர்ச்சி வண்டின் பசியை வென்றுவிடுகிறது.

நம்முடைய கவலை ஊசுட்டேரி. சங்கராபரணி நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து நிரம்பும் ஏரி. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பில் பாதி புதுவைக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. புதுவை நகரம் குடிப்பது நிலத்தடி நீர், அந்த நிலத்தடிக்கு ஊட்டும் முலைகளில் பெரியது இது. கடலோரக் கிணறுகளில் உப்பேறிவருவதைக் கண்முன் பார்க்கும் குப்பத்துக்காரனுக்கு ஊசுட்டேரி தொலைவில் இல்லை. ஆயி என்பவள் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்ற கதைக்கு நகரின் நடுவே மண்டபம் வைத்துப் போற்றுபவர்கள் நாம்.

புதுவைப் பகுதி ஏரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கே மனிதக் கை படக்கூடாது என்ற எண்ணம் வலுத்தால், களை மட்டும் தடையின்றிப் படரும். வலசைப் பறவைகள் திரும்பிப்போன பின், கோடையில் நீர் சுருங்கும்போது, கையால் செய்யும் வேலைக்கு இடம் உண்டு. இதில் பறவை ஆர்வலர்கள் என்னோடு மாறுபடலாம். அவர்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரிவாரியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், நானும் காட்டுகிறேன். அதன் உறுப்பினர் அறுவர் என்பதும், பதவிக்காலம் 360 நாள் என்பதும் நாம் கவனிக்கவேண்டியவை. ஆண்டு முழுவதும் பொறுப்பு. பொற்காலம் பாட எனக்கு விருப்பமில்லை. வாரியத்தில் அமர்ந்தவர் நிலமுடைய அந்தணர், சேற்றில் இறங்கியவர் வேறு. குடிமராமத்து என்று இன்று இனிக்கப் பேசுகிறோம். 1858இல் அதற்கு வந்த சட்டம் கட்டாய உழைப்புச் சட்டம். 1999இல் ஐரோப்பிய நிதியோடு புதுவையில் ஏரிச்சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஏரிதோறும் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. பணம் வந்தவரை சுறுசுறுப்பு இருந்தது. பணம் நின்றபின் சங்கங்களின் கை தளர்ந்தது என்பது என் கணிப்பு.

நான் கேட்பது சிறியது. முதலில் ஏரிக்குள் திறக்கும் சாக்கடை வாய்களை அடையுங்கள். பிறகு ஏரிக்கு இரண்டு பேர், மாதச்சம்பளத்துக்கு, நாள்தோறும். அவர்கள் ஏரியின் செடிகளைப் பெயர் சொல்லி அறிந்திருக்கவேண்டும். மிதந்து வரும் முதல் பத்துச் செடிகளை அன்றே எடுத்தால் ஆறரை லட்சத்துக்கு டெண்டர் விடவேண்டாம். செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஈரத்தோடு லாரியில் ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பது. கரைக்கு அப்பால் உலரவிட்டு உரமாக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.ஏ. அப்பாசியும் மாணவர்களும் இத்தகைய களைகளை மண்புழு உரமாக்கும் வழிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

ஆட்களும் இருக்கிறார்கள். கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் எங்கள் ஊரில் கட்டுமரம் தள்ளத் தெரிந்த முதியவர்கள் கரையில் சும்மா அமர்ந்திருக்கிறார்கள். முன்னே சொன்ன பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஏரித்தண்ணி ஆட்டம் போடாது. ரெண்டு பேரு போதும், ஒரு தொரட்டி போதும்" என்றார்.

இவ்வாண்டும் ஒருநாள் தூய்மைப்பணிக்கு மாணவர்களை அனுப்பக் கேட்டு மடல் வந்திருக்கிறது. அள்ளியதை எங்கே கொட்டுவீர்கள், மறுநாள் யார் வருவார்கள் என்று இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பினேன். மூன்று வாரமாகிறது, பதிலில்லை.