நால்வரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

2024 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் மல்லாங்கிணறு வாக்காளர்களுக்கு ஆறு ஓ.பன்னீர்செல்வங்கள் கிடைத்தார்கள். எங்கள் திருச்சுழி சட்டமன்றத் தொகுதி ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் வருகிறது. அங்கே முன்னாள் முதல்வர் சுயேச்சையாக நிற்க, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களமிறங்கினர். தொலைக்காட்சிகளுக்கு அதுவே பெரிய தீனி. பக்கத்து விருதுநகர் தொகுதியில் ராதிகா சரத்குமாரையும், விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரனையும் கேமராக்கள் துரத்தின. அந்த இரைச்சலில் பட்டாசு ஆலை வெடிவிபத்துகள் பின்னுக்குப் போயின.

இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பிறகு தலைமையின் முடிவு. கட்சி உறுப்பினருக்கு வாக்கு இல்லை. கூட்டம் நிறைந்த நேர்காணலில் 'தெரிந்த முகம்' முன்னே போகிறது. சேரியில் பிறந்து ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய பெண்ணுக்கு அந்த முகத்தை எந்தத் தொலைக்காட்சி தரும்?

உட்கட்சித் தேர்தல் வைத்தால் மட்டும் இது தீராது. அமெரிக்காவில் 2016 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் பதினேழு பேர் போட்டியிட்டனர். முதல் விவாதத்தின் முதன்மை மேடையில் ஏற வேண்டிய பத்துப் பேரைக் கருத்துக்கணிப்பை வைத்து ஒரு தொலைக்காட்சிதான் முடிவு செய்தது. ஊடக வெளிச்சத்தை அள்ளிய டிரம்ப், பாதிக்கும் குறைவான வாக்குகளோடு வேட்பாளரானார்.

நமக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. 1932 செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு, முதற்கட்டத் தேர்தல் ஒன்றைக் கொடுத்தது. ஒவ்வொரு தனி இடத்துக்கும் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். சென்னை மாகாணத்துக்கு அப்படி 30 இடங்கள். ஓட்டை எங்கே? நான்காவதாக வந்தவரையும் சாதி இந்துக்களின் வாக்கு வெற்றிபெற வைக்கலாம். நான்கு பேருக்கு மேல் நிற்காத இடத்தில் முதற்கட்டமே இல்லை.

1946இல் அதன் விலை தெரிந்தது. பட்டியல் சாதியினர் சம்மேளனம் இறுதிக் கட்டத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களே பெற்றது. முதற்கட்ட வாக்குகளைப் பாருங்கள் என்று அம்பேத்கர் வாதாடினார். கேபினட் தூதுக்குழு கேட்கவில்லை. பொது, முஸ்லிம், சீக்கியர் என மூன்று பிரிவுகளை மட்டுமே அங்கீகரித்தது. தேசியப் பத்திரிகைகள் நம் பக்கம் இல்லை. இரட்டைமலை சீனிவாசனும் அயோத்திதாசரும் அம்பேத்கரும் சொந்தப் பத்திரிகை தொடங்கியது சும்மா இல்லை.

இன்று அந்த ஓட்டை முதற்கட்டம்கூட இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 44 தனித்தொகுதிகள். எங்கள் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். நம் பிரதிநிதி யார் என்பதைக் கட்சித் தலைமைகள் முடிவு செய்கின்றன. தலைமைக்குப் பணிந்தவருக்கே சீட்டு என்றால், ஆணவக் கொலை நடந்த அன்று அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

எனவே சமூகநீதி பேசும் கட்சிகளிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான். தனித்தொகுதி வேட்பாளரை அத்தொகுதியின் தலித் உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். பலர் நின்றால் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கட்டும். பாதிக்கு மேல் ஆதரவு பெற்றவரே வேட்பாளர் ஆகட்டும். போட்டியிடும் எல்லோருக்கும் கட்சித் தொலைக்காட்சியில் சம நேரம் கிடைக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கட்சி விதியில் ஒரு திருத்தம் போதும். அடுத்த தேர்தலுக்கு விருப்ப மனு வாங்கத் தொடங்கும் முன் அதைச் செய்யச் சொல்லுங்கள்.