உருளைக்கு ஊர் மட்டும் போதுமா?

நங்கநல்லூர் காய்கறிக் கடைகளில் ‘ஊட்டி உருளை’ என்றால் விலை கொஞ்சம் கூடுதல். மேலே மண் அப்பியிருந்தால் போதும், பையில் போட்டுக்கொள்கிறோம் (எந்த ஊர் மண் என்று யார் பார்த்தார்கள்?). அந்த நீலகிரி மண்ணில்தான் 1961இல் உருளையைத் தாக்கும் தங்க நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைக்கூடு, பயிரே இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் மண்ணுக்குள் காத்துக்கிடக்கும். மழையும் மூட்டமும் சேர்ந்தால் இலைக்கருகல் வேறு. 1840களில் அயர்லாந்தைப் பட்டினி போட்ட அதே நோய். ஊட்டியை அடுத்த முத்தோரை ஆய்வு நிலையத்தார் இரண்டையும் தாங்கும் ‘குஃப்ரி சுவர்ணா’ போன்ற ரகங்களைப் பருவம் பருவமாகக் காத்திருந்து தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் உருளையின் மரபணு வரிசை வெளியானது. சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அந்தப் பன்னாட்டுக் கூட்டணியில் இருந்தது. சுமார் 39,000 மரபணுக்கள். நோயைத் தாங்கும் மரபணு எது என்று தெரிந்துவிட்டால், வயலில் செடி கருகும்வரை காத்திருக்க வேண்டாம், நாற்றின் இலையிலேயே சோதித்துவிடலாம். நல்லதுதான். ஆனால் மாம்பழத்தில் பங்கனப்பள்ளியா மல்கோவாவா என்று துருவும் நாம், உருளையில் ஊரோடு நின்றுவிடுகிறோம். ரகம் கேட்காத சந்தைக்காக விவசாயி ஏன் புது விதை தேடுவார்? நேற்று கேட்டே விட்டேன், “இது என்ன ரகம்ப்பா?” “பொரியலுக்கு நல்லா இருக்கும் சார்.”