சனிக்கிழமை இரவின் டயர் கணக்கு

ஒரு கையில் இஞ்ச் டேப், மறு கையில் சாக்பீஸ். அமெரிக்காவில் ஏதாவதொரு குட்டி ஓவல் தளத்துக்குச் சனிக்கிழமை பிற்பகல் போனால் கண்ணில் படுவது இந்தக் காட்சிதான். பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் குறைவு. பலரும் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுற்றளவை அளந்து, வந்த எண்ணை ரப்பர் மீதே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 86, 88, எண்பத்தெட்டரை. பிறகு எழுந்து நின்று அந்த எண்களை முறைத்துப் பார்க்கிறார்கள்.

ஓவலில் கார் இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கமாக ஓடும் வலது டயருக்கு ஒவ்வொரு சுற்றிலும் தூரம் அதிகம். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியதுபோலச் சேர்ந்தே சுழல்வதால், வலது பின் டயர் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் கார் சண்டித்தனம் செய்யாமல் வளையும். காகித டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால் வளைந்து ஓடுமே, அதே சங்கதி. இதற்கு ஸ்டாகர் என்று பெயர். தார்த் தளத்தில் இரண்டு மூன்று அங்குல வித்தியாசம் போதும். களிமண் தளத்தில் ஓடும் 'ஸ்பிரின்ட்' வகைப் பந்தயக் காருக்குப் பல அங்குலம் வேண்டும். இந்த வகைப் பந்தயங்களில் ஓடுபவை பெரும்பாலும் பழைய பாணி பயஸ்-பிளை டயர்கள். ஒரே அச்சில் வார்த்து ஒரே முத்திரை குத்திய இரண்டு டயர்கூடக் காற்றடித்தபின் ஒரே அளவில் நிற்காது. எனவே நான்கு வேண்டியவர் ஆறு வாங்குகிறார். புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி தேடுவதைப் போன்ற வேலை, ஒவ்வொரு துணியும் இருநூறு டாலர் என்பதைத் தவிர.

இந்தக் குட்டி ஓவல்களுக்கு ஷார்ட் டிராக் என்று பெயர்: ஒரு மைலுக்கும் குறைவான சுற்று. கால் மைலும் அரை மைலுமே அதிகம். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள போமன் கிரே ஸ்டேடியம், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் போட்ட கால் மைல் தார்ப்பட்டை. 1949 முதல் அங்கே, அமெரிக்காவின் பெரிய கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் பந்தயம் நடக்கிறது. அதே மாநிலத்தின் ஹிக்கரி தளம் 1951-ல் திறந்தது. இவற்றில் வாராவாரம் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். பகலில் பட்டறை, பிளம்பிங், பள்ளி வேலை, இரவில் ஹெல்மெட். மனைவி சுற்று நேரம் குறிக்கிறார், மைத்துனர் காற்றழுத்தம் பார்க்கிறார்.

ஊர்த் தளங்களில் ஓடும் 'லேட் மாடல்' வகைக் கார் ஒன்றுக்கான பந்தய டயர் இருநூறு டாலரை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு புது டயர், வருடம் இருபது வாரம் என்றால் 8,000 டாலர். வாரம் நான்கு என்றால் 16,000. ஊர்ப் பந்தயத்தில் முதல் பரிசே பல இடங்களில் ஆயிரம் டாலரைச் சுற்றித்தான் நிற்கும். பத்தாவதாக வருபவருக்குக் கிடைப்பது ஒரு டயர் காசுக்குக்கூடக் காணாது. காரின் சேஸி பல வருடம் உழைக்கும். எஞ்சினுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: செவர்லே தொழிற்சாலையிலிருந்தே சீல் வைத்து வரும் 602, 604 எஞ்சின்கள். அதைப் பிரித்தால் தகுதி நீக்கம் என்றதும், எஞ்சினில் பணத்தைக் கொட்டும் போட்டி ஓரளவு அடங்கியது. டயருக்கு அப்படிச் சீல் வைக்க முடியவில்லை. அது ஒவ்வொரு சனிக்கிழமையும் தேய்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறது.

கார்களை நிறுத்தித் தயார்செய்யும் பிட்டில் எல்லோரும் விலையைத்தான் திட்டுகிறார்கள். உண்மையான வில்லன் விலை அல்ல, ஆயுள்கூட அல்ல. புது டயருக்கும் பத்துச் சுற்று ஓடிய டயருக்கும் இடையிலான வித்தியாசம்தான். முப்பது இரவு பட்டன் தேயாமல் நிற்கும் டயராகவே இருக்கட்டும். புதிதாகப் பூட்டிய முதல் இரவில் அது சுற்றுக்குப் பத்தில் மூன்று விநாடி வேகமாக ஓடினால், காசுள்ளவர் வாராவாரம் புதிது வாங்குவார். கால் மைல் தளத்தில் அந்த வித்தியாசம் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள தூரம். டயர் தேய்ந்துபோய் வீணாவதில்லை, தேயாமலேயே வீணாகிறது.

காரணம் ரப்பருக்குள் இருக்கிறது. பந்தய டயரின் ரப்பர் சூடேறும்போது இளகித் தரையைப் பிடிக்கிறது. ஆறும்போது கொஞ்சம் இறுகுகிறது. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் வெளியேறுகின்றன, ரப்பர் மேலும் வேகிறது. ஒவ்வொரு சூடும் ஆறலும் ஒரு 'ஹீட் சைக்கிள்'. பிட்டில் டூரோமீட்டர் என்ற குட்டிக் கருவியின் ஊசியை ரப்பரில் அழுத்திப் பார்ப்பார்கள். எண் குறைந்தால் மென்மை, கூடினால் கடினம். சென்ற வாரம் ஐம்பது காட்டிய டயர் இந்த வாரம் ஐம்பத்தைந்து காட்டினால், கண்ணுக்குப் புதிதுபோல இருந்தாலும் அது பயிற்சி ஓட்டத்துக்குத்தான் லாயக்கு.

தளத்தின் வயசும் இதில் சேரும். பழைய தார்த் தளத்தில் வெயிலும் மழையும் தாரைத் தின்றுவிட, ஜல்லி மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். டயருக்கு அது அரம். வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்போரோ தளம் இதற்கு நல்ல சாட்சி. 1996-க்குப் பிறகு பெரிய நாஸ்கார் பந்தயம் நின்றுபோய்ப் பாழடைந்து கிடந்த இடம், 2022 ஆகஸ்டில் ஊர்ப் பந்தயங்களோடு மறுபடி உயிர்பெற்றது. முன்னாள் நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் லேட் மாடல் காரில் வந்து மூன்றாவதாக முடித்தார். அப்போது அங்கே இருந்தது 1981-ல் போட்ட தார். டயரைக் கடித்துத் துப்பியது; எப்போது அழுத்துவது, எப்போது அடக்குவது என்று தெரிந்தவரே முன்னால் வர முடிந்தது. 2024-ல் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயத்துக்கு முன் புதிதாகத் தார் போட்டார்கள். புதுத் தார் டயருக்கு நல்லது. பந்தயத்துக்கு நல்லதா என்பது வேறு பேச்சு: வழவழப்பான தளத்தில் எல்லாக் கார்களும் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிபோலப் போவதும் உண்டு.

களிமண் தளத்தில் கதை இன்னும் வேடிக்கை. மாலையில் தண்ணீர் தெளித்து ஈரமாக இருக்கும் மண், இரவு ஏற ஏறக் காய்ந்து கறுத்து, கடைசியில் டயர் ரப்பரையே பூசிக்கொண்டு தார்ச்சாலைபோல ஆகிவிடும். 'தளம் ரப்பர் பிடித்துவிட்டது' என்பார்கள். ஈரத்தை நம்பி மென்மையான டயர் மாட்டியவரின் வலது பின் சக்கரம் அப்போது மொட்டையாகி, கடைசிச் சுற்றுகளில் வெடிக்கும். ஆகவே பந்தயத்துக்கு அரை மணி முன்வரை மெக்கானிக்குகள் சூட்டுக் கத்தியால் டயரில் கோடு கிழிக்கிறார்கள், கிரைண்டரால் மேல்தோலைச் சுரண்டுகிறார்கள், பிறகு வானத்தைப் பார்க்கிறார்கள். இருநூறு டாலர் டயரில் கத்தி வைக்கும் அந்த ஒரு நிமிடம் பிட்டில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

தேய்மானமே கெட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 மார்ச் 17 அன்று பிரிஸ்டல் ஷார்ட் டிராக்கில் நடந்த, நாஸ்காரின் உச்சத் தொடரான கப் பந்தயத்தில் டயர்கள் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன. ஏறத்தாழ ஐம்பது சுற்றுக்குள் நூல் தெரிய ஆரம்பித்தது. கூடுதலாக ஒரு செட் டயர் கொடுக்க வேண்டியதாயிற்று. கோடிகளில் புரளும் அணிகளின் வீரர்கள், முட்டை மேல் நடப்பதுபோல ஓட்டினார்கள். முடிவில் 16 பேருக்கிடையே 54 முறை முன்னிலை கைமாறியது. ஷார்ட் டிராக் கப் பந்தய வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. டென்னி ஹாம்லின் ஜெயித்தார். தேய்கிற டயர் ஓட்டுநரின் மூளைக்கு வேலை வைக்கிறது, பார்ப்பவருக்கு விருந்து வைக்கிறது.

ஆனால் அங்கே எல்லா அணிக்கும் எத்தனை செட் என்பது விதி. தவிர, செலவு ஸ்பான்சர் தலையில். அதே தேய்மானத்தை ஒரு பிளம்பரின் வீட்டுக் கணக்கில் கொண்டுவந்து வைத்தால் அது சாமர்த்தியப் போட்டியாக இருக்காது, பர்ஸ் போட்டியாகிவிடும். ஊர்த் தளத்தில் டயர் தேயலாம். தேய்ந்ததை உடனே மாற்ற ஒருவரால் முடிந்து இன்னொருவரால் முடியாமல் இருக்கக் கூடாது. பந்தய நிர்வாகிகள் அடிக்கடி போட்டுக் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்: மலிவான டயர் தேடுகிறார்கள், எண்ணிக்கையை எண்ண மறக்கிறார்கள்.

எண்ணிக்கை என்ற பேச்சே எழாதபடி செய்தது அயோவா மாநிலத்தின் ஐஎம்சிஏ. 1915-ல் தொடங்கிய இந்தப் பழைய அமைப்பு, 1979-ல் வின்டன் ஊரில் மாடிஃபைட் என்ற வகையைக் கொண்டுவந்தது. குறைந்த செலவுதான் அதன் மூலமந்திரம். அந்த வகைக்கு இன்று அடையாளமாகிவிட்டது ஜி60-15 என்ற கடினமான ஒரே டயர். அது அதிகம் பிடிக்காது, அதிகம் தேயவும் தேயாது. முக்கியமாக, பல இரவு ஓடிய டயர் புதிதிடம் பெரிதாகத் தோற்பதில்லை. வாராவாரம் வாங்கி என்ன லாபம்? ஒவ்வொரு செப்டம்பரிலும் பூன் நகரில் நடக்கும் சூப்பர் நேஷனல்ஸ் விழாவுக்கு நூற்றுக்கணக்கான கார்கள் டிரெய்லரில் வந்து இறங்குகின்றன. கடின டயரில் கார் வழுக்கிக்கொண்டே போகும், அழகாக இருக்காது என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்த வரிசையைக் காட்டலாம்.

அந்தக் கடின டயரைச் செய்கிற ஹூசியர் நிறுவனம் பிறந்ததோ மென்மையான டயரில். 1957-ல் இண்டியானாவைச் சேர்ந்த பாப் நியூட்டன் என்ற பந்தயக்காரர், கிடைக்கிற டயர்கள் கட்டை மாதிரி இருக்கின்றன என்று அலுத்துப்போய், சாதாரண டயர்களுக்கு மென்மையான ரப்பரில் ரீட்ரெட் போட ஆரம்பித்தார். மனைவி ஜாய்ஸும் அவருமாக வளர்த்த தொழில் குட்டித் தளங்களை ஆள்கிற நிறுவனமாயிற்று. பெரிய நாஸ்காரில் குட்இயரோடு இரண்டு முறை மோதிப் பார்த்தது. 2016-ல் ஜெர்மனியின் கான்டினென்டல் அதை வாங்கியது.

ஒரே நிறுவனம், ஒரே டயர் என்ற விதியைப் பல அமைப்புகள் கடைப்பிடிக்கின்றன. இரண்டு கம்பெனி மோதினால் ஒவ்வொரு வாரமும் ஒரு புது ரப்பர் வரும், ஓட்டுநர் இரண்டையும் வாங்க வேண்டியிருக்கும் என்பது வாதம். எதிர்வாதம் நீதிமன்றம்வரை போனது. பென்சில்வேனியாவின் ஸ்பெஷாலிட்டி டயர்ஸ் ஆஃப் அமெரிக்கா, தன் ரேஸ் டயர்ஸ் அமெரிக்கா பிரிவின் வழியாக ஹூசியர் மீதும் ஒரு களிமண் பந்தய அமைப்பின் மீதும் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது. 2010-ல் ஃபிலடெல்ஃபியாவின் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது: எந்தக் கருவியில் விளையாட்டு நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் அமைப்புகளுக்கு உண்டு, ஒப்பந்தத்துக்குப் போட்டியிட எதிராளிக்கும் வாய்ப்பு இருந்தது என்றது. (அந்த வழக்கில் மின்னணு ஆவணங்களைத் தேடி எடுத்த செலவு மட்டும் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் என்று தோற்றவர் தலையில் விழுந்து, 2012-ல் சுமார் 30 ஆயிரமாகக் குறைந்தது. எத்தனை பேருடைய எத்தனை சீசன் டயர்!)

சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒற்றை டயர் விதி விலைக்குக் கடிவாளம் போடுவதில்லை. டயர் கம்பெனி பந்தய அமைப்புக்குப் புள்ளி நிதியும் (சீசன் புள்ளிப் பட்டியலில் முன்னே வருபவர்களுக்கான பரிசுப் பணம்) ஆதரவுப் பணமும் கொடுக்கிறது; அது டயர் விலையிலிருந்து வருகிற பணம்தான். டயர் அதிகம் விற்றால் யாருக்கு லாபமோ அவர்களிடமே டயரைக் குறைக்கும் விதியை எழுதச் சொல்வது, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதுதான்.

விதி இறுகும் இடத்தில் களவும் நுழையும். பழைய டயரை ரசாயனத்தில் ஊறவைத்து மறுபடி மென்மையாக்குவதை 'டயர் டோப்பிங்' என்கிறார்கள். வெளியேறிய எண்ணெய்க்குப் பதில் வேறொன்றை ஊட்டுவதுதான் சூத்திரம். அந்தக் கரைப்பான்களின் புகையைச் சுவாசிப்பது உடம்புக்குக் கேடு. அதிகாரிகள் ஜெயித்த காரின் டயரிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை வர நாளாகும், சனிக்கிழமை கோப்பை வாங்கியவர் அடுத்த வாரங்களில் அதைத் திருப்பித் தர நேரிடும். ஏமாற்றுகிறவனுக்குப் பரிந்து பேச வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் களவில் ஒரு பகுதி, புது டயர் வாங்க முடியாதவன் பழையதை இளமையாக்கப் பார்த்த களவு.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஒரு கட்டாயப் பரிசோதனையாக அமைந்தது. கோவிட் காலத்து மூலப்பொருள், ஆள் தட்டுப்பாட்டில் பந்தய டயர் வரத்து சுருங்கியது. பல தளங்களில் ஒரு காருக்கு இத்தனைதான் என்று ரேஷன் போட்டார்கள். பழைய டயரில் ஓடினார்கள். சுற்று நேரம் கொஞ்சம் கூடியது, கேலரியில் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்திருக்காது. தட்டுப்பாடு நீங்கியபின் அந்த ரேஷனை அப்படியே விதியாக வைத்துக்கொள்ளாதது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. சீசன் தொடக்கத்தில் ஒரு செட், பிறகு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, வரிசை எண்ணைக் குறித்துவைத்துச் சரிபார்ப்பது: ஏற்கெனவே சில தளங்களில் நடக்கிற, பெரிய விஞ்ஞானம் தேவைப்படாத ஏற்பாடு. ஒரு நோட்டும், வாங்க வந்தவரின் முகம் பார்த்து 'கிடையாது' என்று சொல்லத் துணிந்த ஓர் ஆளும் போதும். இரண்டாவது கிடைப்பதுதான் கஷ்டம்.

பந்தயம் முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் நேரத்தில் பிட்டில் இன்னொரு வியாபாரம் தொடங்கும். முன்வரிசைக்காரர் தன் டயர்களைக் கழற்றி டிரெய்லர் ஓரம் அடுக்குகிறார். நாற்பது சுற்றுதான் ஓடியவை, பட்டன் முக்கால்வாசி இருக்கிறது, அவருக்கு இனி வேண்டாம். இரண்டு டிரெய்லர் தள்ளி நிற்கும் இளைஞர் ஒருவர் தன் மெக்கானிக்கோடு வந்து, குனிந்து, கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்து, விலை கேட்கிறார். நாற்பது என்கிறார் ஒருவர், முப்பது என்கிறார் மற்றவர். சாக்பீஸில் எழுதிய 88 இன்னும் அழியவில்லை. இளைஞர் தன் பாக்கெட்டிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து மறுபடி அளக்கிறார்.